நோய்ப்படுக்கையும் வாழ்க்கைத் துணையும்: வரலாறு காட்டும் நெறி

இஸ்லாமிய மருத்துவ வரலாறு குறித்துத் தமிழில் வெளிவந்துள்ள கட்டுரைகள் பெரும்பாலும் மூன்று செய்திகளோடு நின்றுவிடுகின்றன. அர்ராஸீ, இப்னு ஸீனா போன்ற மேதைகளின் பெருமை முதலாவது. அவர்தம் நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாகிய செய்தி இரண்டாவது. பக்தாதிலும் திமிஷ்கிலும் கெய்ரோவிலும் எழுந்த பீமாரிஸ்தான்கள் எனும் பெரும் மருத்துவமனைகளின் சிறப்பு மூன்றாவது. இவை அனைத்தும் உண்மையே. நாம் பெருமை கொள்ளத் தக்கவையே. ஆயினும் மருத்துவர் வந்து நாடி பார்த்துச் சென்ற பிறகு, இரவு முழுவதும் நோயாளியின் அருகில் இருந்தவர் யார் என்ற கேள்வியை நாம் எழுப்புவதில்லை. கஞ்சி காய்ச்சியவர் யார்? ஆடை மாற்றியவர் யார்? தொழுகை நேரம் வந்தபோது ஒளூச் செய்வித்தவர் யார்?

இக்கேள்விக்கான விடைகள் நம் நூல்களில் இல்லாமல் இல்லை. அவை ஹதீஸ் தொகுப்புகளிலும், தபகாத் எனப்படும் வாழ்க்கை வரலாற்று நூல்களிலும், ஃபத்வாத் திரட்டுகளிலும், வக்ஃபு ஆவணங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் மிஷ்காத்தில் நோயாளியை நலம் விசாரிப்பது பற்றிய பாடம், ஜனாஸா பற்றிய நூலின் தொடக்கத்தில் இடம்பெற்றுள்ளது. அந்த இட அமைப்பினாலோ என்னவோ, மரணத்திற்கு முந்திய ஒரு சடங்கைப் போலவே நோய் விசாரிப்பை நம்மில் பலர் கருதிவிட்டோம். பிணியாளரோடு வாழ்வதும் ஒரு வணக்கம் என்ற கருத்து பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

இக்கட்டுரை ஒரு வகை நோயை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அது வயிற்று நோய். நோய்கள் பலவற்றுள்ளும் பிணியாளரைக் கூசச் செய்வதும், அருகிருப்போரின் அன்பைச் சோதிப்பதும் அதுவே என்பது காரணம்.

கூச்சத்திற்குரிய நோய்க்குக் கிடைத்த கண்ணியம்

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள நபிமொழியொன்று ஷஹீதுகள் ஐவரைக் குறிப்பிடுகிறது. கொள்ளை நோயில் இறந்தவர், வயிற்று நோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கியவர், அல்லாஹ்வின் பாதையில் உயிர் நீத்தவர் ஆகியோரே அவர்கள். இவர்களுள் இரண்டாமவரைச் சுட்டும் அரபுச் சொல் ‘மப்தூன்’ என்பதாகும். இச்சொல்லின் பொருள் குறித்து இமாம் நவவீ (இறப்பு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) முஸ்லிம் விரிவுரையில் பல கருத்துகளை எடுத்தெழுதுகிறார்கள். வயிற்றுப்போக்கு உடையவர் என்பது ஒன்று. நீர்கோத்து வயிறு வீங்கியவர் என்பது மற்றொன்று. வயிறு தொடர்பான எந்த நோயால் இறந்தவரையும் அது குறிக்கும் என்பது இன்னொன்று. இவர்களுக்கு மறுமையில் ஷஹீதின் நற்கூலி உண்டு. எனினும் இவ்வுலகச் சட்டத்தில் மற்ற ஜனாஸாக்களைப் போன்றே குளிப்பாட்டித் தொழவைத்து அடக்கம் செய்யப்படுவர் என்பது அறிஞர்களின் விளக்கம்.

இவ்வரிசையில் வயிற்று நோயாளி இடம்பெற்றிருப்பது ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. போர்க்களத்தில் வீழ்ந்தவனை ஊர் போற்றும். படுக்கையை நனைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் நோயாளியை யார் போற்றுவார்? நாற்றத்திற்கு அஞ்சி வாசலிலேயே நின்று நலம் கேட்டுத் திரும்புவோர்தாம் அதிகம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இருவரையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துவிட்டார்கள். அவ்வாக்கியத்தைச் செவியுற்ற சமுதாயம் அத்தகைய நோயாளியை அருவருத்து ஒதுக்க இயலாது. ஷஹீதுடைய படித்தரம் வாக்களிக்கப்பட்டவரின் ஆடையைக் கழுவுவது இழிதொழிலாகவும் இருக்க முடியாது.

வயிற்று உபாதையோடு நீண்டகாலம் வாழ்ந்த நபித்தோழர் ஒருவரின் வரலாறு இதற்கு விளக்கமாக அமைகிறது. பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 52இல் மறைந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களே அத்தோழர். அவர்களுக்கு மூல நோய் இருந்தது. எவ்வாறு தொழுவது என்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் விடை கிடைத்தது. இன்று உலகெங்கும் மருத்துவமனைக் கட்டில்களில் நோயாளிகள் தொழுவதற்கு ஆதாரமாக விளங்கும் நபிமொழி, குடல் சார்ந்த நோயுடைய ஒருவரின் கேள்வியிலிருந்தே பிறந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பிற்காலத்தில் இம்ரான் (ரலி) அவர்களின் வயிறு முப்பது ஆண்டுகள் நோயுற்றிருந்ததாக இப்னு ஸஅத் தம் தபகாத்தில் பதிவு செய்துள்ளார். முதர்ரிஃப் என்ற தாபிஈ அவர்களிடம் வந்து, தங்கள் நிலையைக் காணப் பொறுக்காமையாலேயே தாம் அடிக்கடி வருவதில்லை என்று கூறினாராம். அதற்காக வராமல் இருக்க வேண்டாம் என்றும், அல்லாஹ்வுக்கு எது விருப்பமோ அதுவே தமக்கும் விருப்பம் என்றும் அவர்கள் பதிலுரைத்தார்கள். காணச் சகியாமல் விலகி நிற்பவருக்கு, நோயாளியே ஆறுதல் கூறி அழைத்த நிகழ்ச்சி இது. நோயாளியின் ஈமான் உறுதியாக இருப்பது, அவரைத் தனிமையில் விட்டுவிடுவதற்கான அனுமதி ஆகாது என்பதும் இதனால் தெளிவாகிறது.

பத்ரில் காணப்படாத பத்ருப் போராளி

வாழ்க்கைத் துணைக்கு நோயில் துணை நிற்றல் என்பதற்கு இஸ்லாமிய வரலாற்றின் தலையாய சான்று ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமளானில் (கி.பி. 624 மார்ச்) நிகழ்ந்தது. உத்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபிமகளாருமாகிய ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயுற்றிருந்தார்கள். அது வயிற்று நோயன்று. அம்மை வகையைச் சார்ந்தது எனச் சிலர் எழுதியுள்ளனர். முஸ்லிம் சமுதாயத்தின் எதிர்காலத்தையே முடிவுசெய்யவிருந்த பத்ருக்கு எல்லோரும் புறப்பட்ட வேளையில், உத்மான் (ரலி) அவர்கள் மனைவியின் படுக்கையருகில் இருக்குமாறு பணிக்கப்பட்டார்கள். பத்ரில் பங்கேற்ற ஒருவருக்குரிய நற்கூலியும் போர்ச்செல்வத்தில் பங்கும் அவர்களுக்கு உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். வெற்றிச் செய்தியோடு ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள் மதீனாவை அடைந்தபோது, ருகையா (ரலி) அவர்களின் அடக்கம் நடந்துகொண்டிருந்தது.

இந்நிகழ்ச்சியின் பிற்பகுதி இன்னும் கவனத்திற்குரியது. பல ஆண்டுகளுக்குப் பின், குழப்பங்கள் தலைதூக்கிய காலத்தில், எகிப்தைச் சேர்ந்த ஒருவர் ஹஜ்ஜுக்கு வந்த இடத்தில் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் உத்மான் (ரலி) அவர்களைப் பற்றிக் குறை கூறினார். பத்ரில் அவர்கள் இல்லை என்பது அவர் அடுக்கிய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இப்னு உமர் (ரலி) அவர்கள் உண்மையை விளக்கி, இவ்விளக்கத்தையும் உம்முடன் எடுத்துச் செல்லும் என்று அனுப்பிவைத்தார்கள். இதனை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார்கள். நோயுற்ற மனைவிக்காக வீட்டில் தங்கிய ஓர் ஆண்மகனைக் கோழை என ஏசும் நாக்குகள் அன்றும் இருந்தன. அந்நாக்குகளுக்கு விடை சொல்ல ஒரு நபித்தோழர் முன்வந்ததும் வரலாறே.

அய்யூப் (அலை) அவர்களின் துணைவியாரைப் பற்றியும் இங்கு எண்ணுதல் தகும். உற்றார் விலகிய பின்னரும் அவர் கூலிவேலை செய்து கணவரைப் பேணியதாக விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். ஸாத் அத்தியாயத்தில் கைப்பிடிப் புல்லைக் கொண்டு சத்தியத்தை நிறைவேற்றுமாறு அய்யூப் (அலை) அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை, நோயின் வேதனையில் தம் மனைவி மீது அவர்கள் செய்த சத்தியம் தொடர்பானது என்பது பரவலான விளக்கம். பிணியாளர் பொறுமையின் சிகரமாகவே இருந்தாலும், வேதனை மிகும்போது அருகிலிருப்பவர்மீது சினம் பாய்வதுண்டு. அச்சினத்தின் சுமை பணிவிடை செய்தவர்மீது விழாதவாறு இறைவனே ஒரு சலுகையை இறக்கியருளினான். மருத்துவமனையில் துணைவரின் கடுஞ்சொற்களைக் கேட்டுக் கண்கலங்கும் எத்தனையோ பேருக்கு இவ்வசனத்தில் ஆறுதல் இருக்கிறது.

தல்பீனாவும் தேனும்

பணிவிடையின் பெரும்பகுதி உணவு சார்ந்தது. வயிற்று நோயிலோ அதுவே முழுமையும் ஆகிவிடுகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நோயாளிக்கும் துக்கத்தில் இருப்போருக்கும் ‘தல்பீனா’ கொடுக்குமாறு கூறிவந்தார்கள். வாற்கோதுமை மாவில் காய்ச்சப்படும் மெல்லிய கஞ்சியே தல்பீனா. அது நோயாளியின் உள்ளத்திற்கு இதமளிக்கும் என்ற நபிமொழியையும் அன்னையார் அறிவித்துள்ளார்கள். நோயிலிருந்து அப்போதுதான் தேறியிருந்த அலீ (ரலி) அவர்கள், உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் இல்லத்தில் பேரீச்சங்குலையிலிருந்து உண்ணத் தொடங்கியபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பின்னர் அப்பெண்மணி சமைத்துத் தந்த வாற்கோதுமையும் கீரையும் கலந்த உணவை உண்ணச் சொன்னார்கள். பத்தியம் என்பது இறைநம்பிக்கைக்கு முரணானதன்று என்பதற்கு இது தெளிவான சான்று. நோயாளியை வற்புறுத்தி உண்ணச் செய்ய வேண்டாம் என்ற கருத்துடைய நபிமொழியும் திர்மிதீயில் உள்ளது. அன்பின் மிகுதியால் ஊட்டிவிட்டு வாந்திக்குக் காரணமாகும் உறவினர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம்.

தேன் பற்றிய நபிமொழியும் வயிற்று நோய் தொடர்பானதே. தம் சகோதரருக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருவர் முறையிட, தேன் புகட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். நோய் கூடியதே தவிரக் குறையவில்லை என்று அவர் மீண்டும் மீண்டும் வந்தபோதும் அதனையே கூறினார்கள். இறுதியில் அவர் குணமடைந்தார். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் இதனை அறிவிக்கிறார்கள். இதனை விளக்கும் இப்னுல் கய்யிம் (இறப்பு ஹிஜ்ரி 751, கி.பி. 1350) அவர்கள், மருந்து நோயின் அளவுக்கு ஏற்பக் கொடுக்கப்பட வேண்டும், குறைந்த அளவு பயன் தராது என்பதே திரும்பத் திரும்பப் புகட்டச் சொன்னதன் நுட்பம் என்கிறார்கள். மறுபுறம், இப்னு கல்தூன் (இறப்பு கி.பி. 1406) தம் முகத்திமாவில், நபிமொழிகளில் வரும் மருத்துவக் குறிப்புகள் வஹ்யின் பாற்பட்டவையல்ல, அரபு மக்களின் அனுபவ மருத்துவத்தைச் சார்ந்தவை என்ற கருத்தை முன்வைக்கிறார். இவ்விரு கருத்துகளுள் எதனை ஏற்பினும், மருத்துவரை நாடுவதைத் தடுக்கும் வாதம் எதுவும் அவற்றில் இல்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற பொதுக் கட்டளையை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தல் ஆகாது என்று இன்றைய மருத்துவம் எச்சரிப்பதையும் இங்கு குறிப்பிடுதல் கடமை.

குடல்வலியிலிருந்து பிறந்த மருத்துவமனை

இனி, மருத்துவமனைகளின் பக்கம் திரும்புவோம். ஹிஜ்ரி 675இல் (கி.பி. 1276), மம்லூக் தளபதியாயிருந்த கலாவூன் படையெடுப்பு ஒன்றின்போது திமிஷ்கில் ‘கூலஞ்ச்’ எனப்படும் கடும் குடல்வலிக்கு ஆளானார். நூருத்தீன் ஸன்கீ ஹிஜ்ரி 549இல் (கி.பி. 1154) நிறுவிய நூரீ பீமாரிஸ்தானிலிருந்து கொண்டுவரப்பட்ட மருந்துகளால் அவர் குணமடைந்தார். பின்னர் தாமே சென்று அம்மருத்துவமனையைக் கண்டு வியந்து, அல்லாஹ் தமக்கு ஆட்சியை அருளினால் இதுபோன்ற ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். வரலாற்றாசிரியர் மக்ரீஸீ தரும் செய்தி இது. கி.பி. 1279இல் அவர் சுல்தானானார். ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) கெய்ரோவில் ஃபாத்திமிய அரண்மனைகளுள் ஒன்றிருந்த இடத்தில் வேலை தொடங்கி, பதினொரு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் மன்ஸூரீ பீமாரிஸ்தான் எழுந்தது.

அதன் அமைப்பை மக்ரீஸீ விவரிக்கிறார். காய்ச்சல் உடையோருக்கு ஒரு பகுதி, கண்ணோயாளிகளுக்கு ஒரு கூடம், காயமுற்றோருக்கு ஒரு கூடம், வயிற்றுப்போக்கு உடையோருக்கெனத் தனியே ஒரு கூடம், பெண்களுக்குத் தனிக்கூடம். எல்லாவற்றிலும் ஓடும் நீர். உணவு சமைக்கவும் மருந்துகள் கூட்டவும் தனி இடங்கள் இருந்தன. நோயாளிகளுக்குப் பணிபுரிய ஆண்களும் பெண்களும் அமர்த்தப்பட்டனர். மன்னர், அடிமை, படைவீரர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி யாவருக்கும் அது வக்ஃபு செய்யப்பட்டது. கோடையில் நோயாளிக்கு விசிறியும், அவரவருக்கென உணவுப் பாத்திரமும் வழங்குவது வரை வக்ஃபு ஆவணம் விதித்திருந்தது. இதற்கு நூறாண்டு முன்பே, 1183இல் கெய்ரோவைக் கண்ட ஸ்பானியப் பயணி இப்னு ஜுபைர், ஸலாஹுத்தீன் அமைத்த மருத்துவமனையில் பெண்களுக்குத் தனிப்பகுதியும் பணியாளரும் இருந்ததை எழுதியுள்ளார். திமிஷ்கில் நோயாளிகளின் பெயர்களையும் அவர்களுக்கான உணவு, மருந்துச் செலவையும் எழுத்தர்கள் பதிவேட்டில் குறித்துவந்ததையும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 தீனார் செலவானதையும் அவரே குறிப்பிடுகிறார்.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய செய்தி வேறொன்று. மன்ஸூரீ மருத்துவமனையின் வக்ஃபு, உள்ளே வந்து தங்கியவர்களோடு நின்றுவிடவில்லை. வீட்டிலேயே நோயுற்றிருந்த ஏழைகளுக்கும் மருந்தும் பானங்களும் உணவும் அனுப்பப்பட்டன. அம்மருத்துவமனையின் நிர்வாகப் பணியில் இருந்த வரலாற்றாசிரியர் நுவைரீ, இவ்வாறு வீட்டிலிருந்தே பயன்பெற்றோர் ஒரு காலத்தில் 200 பேருக்கும் மேல் இருந்ததாக எழுதுகிறார். இதன் பொருள் யாது? துணைவரின் கைப்பணிவிடையில் இருப்பதையே நோயாளி விரும்பினால், மருத்துவமனை அவரை நாடிச் சென்றது. குடும்பத்தின் இடத்தைப் பறிக்காமல் அதன் கையை வலுப்படுத்தும் ஏற்பாடாக அது விளங்கியது.

வரலாற்றை நேர்மையோடு நோக்குவோர் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கட்டட வேலையை நடத்திய அமீர் ஸன்ஜர் அஷ்ஷுஜாஈ மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தார். இதனால் மார்க்கப் பேணுதல் உடையோர் சிலர் அவ்வளாகத்தில் தொழ மறுத்தனர் என்பதையும் மக்ரீஸீயே பதிவு செய்கிறார். பிணியாளருக்கான அறச்செயலும் அநீதியின் மீது எழும்பலாகாது என்ற உணர்வு அக்காலத்தில் உயிரோடு இருந்தது. புகழ்பெற்ற மருத்துவர் இப்னுந் நஃபீஸ் (இறப்பு ஹிஜ்ரி 687, கி.பி. 1288) தம் வீட்டையும் நூல்களையும் இந்த மருத்துவமனைக்கே எழுதிவைத்தார்.

துணையற்ற மருத்துவமேதை

கூலஞ்ச் நோய்க்கு நூல் எழுதியவர்கள் பலர். அர்ராஸீயும் இப்னு ஸீனாவும் அவர்களுள் அடங்குவர். இப்னு ஸீனா அதே நோய்க்கே ஆளாகி ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) ஹமதானில் இறந்தார் என்பது வரலாற்றின் விந்தை. அவருடைய மாணவர் ஜூஸ்ஜானீ அந்த இறுதி நாட்களை எழுதிவைத்துள்ளார். படை பின்வாங்கும்போது நோயாளியாகப் பின்தங்கிவிடக் கூடாதே என்ற அச்சத்தில், இப்னு ஸீனா ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொள்ள, குடல் புண்ணாகியது. இரண்டு தானிக் அளவு சேர்க்கச் சொன்ன செலரி விதையை, மருந்து கூட்டியவர் ஐந்து திர்ஹம் அளவு சேர்த்துவிட்டார். ஆறு தானிக் ஒரு திர்ஹம் என்ற கணக்கில் இது பதினைந்து மடங்கு. அது வேண்டுமென்றே செய்யப்பட்டதா, தவறா என்று தமக்குத் தெரியவில்லை என்கிறார் ஜூஸ்ஜானீ. பணியாளர்கள் சிலரோ, தாம் செய்த களவு வெளிப்படாதிருக்க மருந்தில் மிகுதியான அபினைக் கலந்தனர்.

அந்த வரலாற்றில் மனைவி என ஒருவர் குறிப்பிடப்படவில்லை. உலகின் தலைசிறந்த மருத்துவ அறிவு நோயாளியின் தலைக்குள்ளேயே இருந்தது. மருந்து நல்லதாக இருந்தது. அளவும் சரியாகச் சொல்லப்பட்டது. கொடுத்த கைகள்தாம் நம்பிக்கைக்குரியவையாக இல்லை. இறுதியில் அவர் மருந்தை நிறுத்தி, தம் அடிமைகளை விடுதலை செய்து, செல்வத்தை ஏழைகளுக்கு வழங்கி, குர்ஆன் ஓதுவதில் தம் நாட்களைக் கழித்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். மருந்து அறையிலிருந்து நோயாளியின் வாய்வரை உள்ள சிறு தூரத்தில் எத்தனை பெரிய அமானிதம் அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த அமானிதத்தைச் சுமக்கத் தகுந்தவர்களுள் வாழ்க்கைத் துணையே முதன்மையானவர்.

ஃபிக்ஹு சொல்லும் இரண்டு செய்திகள்

சட்ட நூல்களும் இவ்வுறவின் தனித்தன்மையை உணர்ந்தே பேசுகின்றன. முகலாயப் பேரரசர் ஔரங்கஸேப் (ஆட்சி 1658–1707) காலத்தில் அறிஞர் குழுவால் தொகுக்கப்பட்ட ஃபதாவா ஆலம்கீரியில் ஒரு சட்டம் காணப்படுகிறது. ஒளூச் செய்ய இயலாத நோயாளிக்கு மனைவி இல்லையெனில் மகனோ சகோதரனோ ஒளூச் செய்விக்கலாம். ஆனால் இஸ்தின்ஜா எனும் மறைவிடத் தூய்மையை அவர்கள் செய்விக்க வேண்டியதில்லை. அக்கடமை நோயாளியை விட்டு நீங்கிவிடும். கணவன் இல்லாத பெண் நோயாளிக்கும் மகள், சகோதரி விஷயத்தில் இதே சட்டம். பெற்ற பிள்ளைக்கும் உடன்பிறந்தோருக்கும் இல்லாத ஓர் உரிமையும் பொறுப்பும் கணவன் மனைவியருக்கு மட்டும் இருப்பதை இச்சட்டம் உணர்த்துகிறது. ஒருவருக்கொருவர் ஆடையாக இருக்கிறீர்கள் என்ற கருத்துடைய இறைவசனத்தை மணவிழாச் சொற்பொழிவுகளில் கேட்கிறோம். அதன் பொருள் முழுமையாக விளங்குவது மருத்துவமனைப் படுக்கையில்தான்.

இரண்டாவது செய்தி செலவு பற்றியது. நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ சட்ட நூலான மின்ஹாஜில், நோயுற்ற மனைவியின் உணவுச் செலவு கணவன் மீது கடமை என்றும், மருந்து விலையும் மருத்துவர் கூலியும் கடமையல்ல என்றும் காணப்படுகிறது. ஹனஃபீ நூல்களின் தீர்ப்பும் பெரும்பாலும் இதுவே. இதனைப் பிடித்துக்கொண்டு, மனைவி நோயுற்றதும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பி, மருத்துவச் செலவை அவளுடைய பெற்றோர் தலையில் சுமத்தும் வழக்கத்தை நியாயப்படுத்துவோர் உளர். அவர்கள் சட்டத்தின் பின்னணியைக் காணத் தவறுகின்றனர். மருத்துவம் அரிதாகவும் அதன் பயன் உறுதியற்றதாகவும் இருந்த காலத்தில், அது அன்றாட இன்றியமையாத் தேவைகளுள் ஒன்றாகக் கருதப்படவில்லை. அத்துடன், மேலே கண்டவாறு, நகரங்களில் வக்ஃபு மருத்துவமனைகள் மருந்தையும் உணவையும் இலவசமாக வழங்கிவந்தன. இன்று அவ்விரண்டு நிலைகளும் மாறிவிட்டன. அறிஞர் வஹ்பா அஸ்ஸுஹைலீ (இறப்பு 2015) போன்றோர், இக்காலத்தில் மருத்துவம் உணவைப் போன்றே இன்றியமையாததாகிவிட்டதால் அதுவும் கணவனின் கடமையே என்று எழுதியுள்ளனர். எகிப்தில் 1985இல் கொண்டுவரப்பட்ட 100ஆம் எண் சட்டம், மனைவியின் ஜீவனாம்சத்தில் உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவச் செலவையும் சேர்த்தது. நல்லமுறையில் இல்லறம் நடத்துங்கள் என்ற குர்ஆனியக் கட்டளையின் ஒளியில், இக்கருத்தே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

கட்டிலருகே அமர்ந்தவரின் கையில் ஒரு குவளை

வயிற்று நோயின் வரலாற்றில் அண்மைக்கால அத்தியாயம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 1971இல் பங்களாதேஷ் விடுதலைப் போரின்போது, எல்லையோர நகரான பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீரும் நிலை வந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கும் முடிவை எடுத்தார். போதிய செவிலியர் இல்லாமையால், நோயாளிகளின் உறவினர்களே குவளைகளில் அந்நீரை இடைவிடாது புகட்டினர். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, இம்முறையால் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. பின்னர் 1980களில் பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள், ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் அரை லிட்டர் நீரும் என்ற அளவை வீடுவீடாகச் சென்று கற்பித்தனர். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1.2 கோடி இல்லங்களை இச்செய்தி எட்டியது.

குடலில் சர்க்கரை உட்கிரகிக்கப்படும்போது அதனுடன் உப்பும், அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கின்றன என்பதே இதன் அறிவியல். ஆனால் அந்நீர் பயன்தர, ஒருவர் அருகில் அமர்ந்து சலிக்காமல் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். குணம் தெரியவில்லை என்று மீண்டும் மீண்டும் வந்தவரிடம் மீண்டும் கொடும் என்று சொல்லப்பட்ட நபிமொழியை இங்கு எண்ணாமல் இருக்க முடியவில்லை. பொறுமையே மருந்தின் ஒரு பகுதியாகி நிற்கும் நோய் இது.

இவ்வரலாறுகள் நமக்குச் சொல்வன தெளிவானவை. நோயுற்ற துணைக்காக ஜமாஅத்துப் பணியையோ வணிகத்தையோ சில வாரங்கள் ஒதுக்கிவைக்கும் ஆண்மகன், உத்மான் (ரலி) அவர்களின் வழியில் நடக்கிறார். அவரைப் பார்த்து, வீட்டில் பெண்கள் இல்லையா என்று கேட்பவர் சுன்னத்தை அறியாதவர். கணவரின் ஆடையை இரவில் மூன்று முறை மாற்றும் மனைவிக்கு மார்க்கச் சொற்பொழிவு தேவையில்லை. ஒரு வேளை உணவும், இரண்டு மணி நேர உறக்கமும், அதுவரை அவர் இடத்தில் அமர ஓர் உறவுப் பெண்ணோ ஆணோ தேவை. மருத்துவர் தந்த பத்தியத்தைக் காப்பதும், மருந்தை உரிய அளவில் உரிய வேளையில் கொடுப்பதும், படுத்தவாறே தொழ உதவுவதும், துஆச் செய்வதும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. ஒரே வணக்கத்தின் உறுப்புகள். நலம் விசாரிக்கச் செல்வோர் சிறிது நேரம் இருந்து, நல்லதைப் பேசி, நோயாளியை மட்டுமின்றி அருகில் இருப்பவரையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத் திரும்புதல் நலம்.

நம் பள்ளிவாசல்களில் ஜகாத், ஸதகா நிதிகள் திரட்டப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதியை, மன்ஸூரீ வக்ஃபு செய்ததுபோல, வீட்டில் படுத்திருக்கும் ஏழை நோயாளியின் மருந்துக்கும் உணவுக்கும், அவருக்காக வேலையை விட்டுத் தங்கியிருக்கும் துணையின் அன்றாடச் செலவுக்கும் ஒதுக்கும் ஜமாஅத்துகள் எத்தனை? ஒரு தளபதியின் குடல்வலி, பல நூற்றாண்டுகள் நின்று பயன்தந்த ஒரு மருத்துவமனையாக மலர்ந்தது. நம் வீடுகளில் நிகழும் நோய்கள் குறைந்தபட்சம் தெருவில் இன்னொரு வீட்டின் கதவைத் தட்டிக் கஞ்சி கொடுக்கும் பழக்கத்தையாவது நமக்குக் கற்பிக்கட்டும். பிணியாளர்களுக்கு நற்சுகத்தையும், அவர்களுக்குத் துணை நிற்போருக்கு உறுதியையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக.